பினாங்கு ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க எது நல்ல வழி: நடையா, சைக்கிளா, ரிக்‌ஷாவா, பஸ்ஸா?

கோட்டையூர்க்காரன்

தைப்பூசத்தை ஒட்டிப் பினாங்கு போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், என்னைப் பெற்ற ஆத்தா. ஆத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் நன்றாக நடப்பார். வெயில் ஏறிவிட்டால் முழங்கால் ஒத்துழைக்காது. என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பினாங்குத் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கூடமான கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்துவிட்டு வந்தவர். மாமனார் இருந்த தெருவை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது ஆத்தாவின் ஆசை.

காரைக்குடியில் ஒரு பயண ஏற்பாட்டாளர் அரை நாள் 'நகர் உலா' என்று ஒரு தாளைக் கொடுத்தார். கோட்டை பதினைந்து நிமிடம், சுவரோவியம் பதினைந்து நிமிடம், சாக்லேட் கடை முக்கால் மணி நேரம். பினாங்குத் தெரு எங்கே என்று கேட்டேன். "அங்கே வேன் நிறுத்த இடம் கிடையாது சார், போகிற போக்கில் ஜன்னல் வழியாகக் காட்டிவிடுவார்கள்" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்களாகவே சுற்றுவதானால் எப்படிச் சுற்றுவது? அங்கே இருந்தவர்களும் போய்வந்தவர்களும் சொல்லுங்கள்.

மிதிவண்டி மணி, காரைக்குடி

சைக்கிள்தான் அண்ணே, யோசிக்கவே வேண்டாம். பழைய நகரம் முழுக்கச் சமதளம். உலகப் பாரம்பரியப் பகுதி என்று யுனெஸ்கோ 2008-இல் அறிவித்த இடம், அதைச் சுற்றிய பாதுகாப்பு வளையத்தையும் சேர்த்தால்கூட 260 ஹெக்டேர்தான். ஆர்மேனியன் தெருப் பக்கம் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. விடிந்ததும் எடுத்தால் கடைகள் திறப்பதற்குள் பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

2012-இல் லிதுவேனியா ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் வரைந்த 'சைக்கிளில் இரண்டு குழந்தைகள்' படமும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து அதன்மேல் பிள்ளைகளை வரைந்திருப்பார். எட்டு மணிக்குமேல் போனால் அதன் முன்னால் நின்று படம் எடுக்க வரிசை நிற்கும். ஏழு மணிக்குப் போனால் நீங்களும் அந்தச் சுவரும்தான்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி மணி, எழுபது வயது ஆச்சியை எந்தச் சைக்கிளில் ஏற்றச் சொல்கிறாய்? கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுது.

கோட்டையூர்த் தம்பிக்கு: என் வீட்டுச் செட்டியார் வேலையாக இருந்த காலத்தில் நானும் பினாங்கில் குடியிருந்தேன். ஆத்தாவுக்கு ஏற்றது ரிக்‌ஷா. நம் ஊர்ப் பழைய ரிக்‌ஷாவைப் போல ஓட்டுபவர் முன்னால் இருக்கமாட்டார். இருக்கை முன்னால், ஓட்டுபவர் பின்னால். அதனால் கண்ணுக்கு முன் முதுகு கிடையாது, தெரு முழுவதும் தெரியும். பிளாஸ்டிக் பூ, வண்ணக் குடை, சில வண்டிகளில் பாட்டு வேறு. முதலில் கூச்சமாக இருக்கும், ஒரு தெரு தாண்டினால் போய்விடும். பின்னாலிருந்து ஓட்டுபவர் ஏதாவது சொன்னால் காதில் விழாது. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் சங்கடம். ஓட்டுபவர்களில் பலர் வயதான சீனர்கள். ஏறுவதற்கு முன்பே மணிக்கு எவ்வளவு என்று பேசிவிடுங்கள், இறங்கியபின் பேசாதீர்கள். எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சுவரோவியம் சுவரோவியமாகக் காட்டிவிட்டு இறக்கிவிடுவார்.

மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, குயின் தெரு, தைப்பூச ரதம் புறப்படும் கோயில் வீடு. இந்த நாலு பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

தேவகோட்டை வாத்தியார்

வண்டி எதுவாயினும் வரிசை முக்கியம் என்பது என் கட்சி. துறைமுக நகரத்தைக் கடலிலிருந்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு அது வெறும் பழைய கட்டடங்களின் கூட்டமாகத்தான் தெரியும்.

காலையில் கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்குங்கள். 1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இறங்கிக் கொடி ஏற்றிய முனை அது. கோட்டையில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்துச் செய்தார்களாம். அடிலெய்டு நகரத்தை வடிவமைத்த அதே வில்லியம்தான். அப்பன் பெயரில் மகன் நிற்கிறான். நம் ஊரில் விலாசத்தில் (தொழில் நிறுவனப் பெயரில்) பார்க்காததா?

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் புனித ஜார்ஜ் தேவாலயம், 1818-இல் கட்டப்பட்டது. தேவாலயத்தை ஒட்டித் தொடங்கும் தெருவைப் பழைய ஆட்கள் பிட் தெரு என்பார்கள், இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு. அதிலேயே நேராக நடந்தால் சீனர்களின் கருணைத் தேவி கோயில், அதன்பின் ஒரு தெரு உள்ளே தள்ளி 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், பிறகு பள்ளிவாசல். நாலு சமயம், ஒரே தெரு ஓரம். பள்ளிவாசலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பாமல் போனால் கூ வம்சத்தாரின் கூட்டு மாளிகை, கூ கொங்சி. 1901-இல் தீப்பிடித்து, 1906-இல் மறுபடி கட்டிய கட்டடம். நம் ஊரில் ஒன்பது கோயில் பிரிவுகள் எப்படியோ, அங்கே வம்சத்துக்கு ஒரு கொங்சி. கூரையில் இருக்கும் பீங்கான் சிற்பங்களைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். உள்ளே போகக் கட்டணம் உண்டு.

மொத்தம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்தான் இருக்கும். கடை வாசல்களை ஒட்டிக் கூரைபோட்ட நடைபாதை பல தெருக்களில் தொடர்ந்து வரும், ஐந்தடி அகலம் என்று கணக்கு. வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அதுதான் அடைக்கலம். ஆனால் பாதி இடங்களில் மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும் வழியை மறிக்கும், தரைமட்டமும் கடைக்குக் கடை ஏறி இறங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

கோட்டையூர்க்காரன்

வாத்தியார் ஐயா, நன்றி. ஆனால் இதில் எங்கள் ஐயாவின் தெரு எங்கே வருகிறது?

தேவகோட்டை வாத்தியார்

அதற்குத் தனி நடை வேண்டும், அதைப் பிட் தெருவோடு கலக்க வேண்டாம் என்றுதான் விட்டேன்.

கடலை ஒட்டிய பீச் தெருவில் நில்லுங்கள். பெயர் கடற்கரை என்றாலும் கடலைத் தூர்த்துத் துறைமுகச் சாலை போட்டபின் இப்போது கடல் ஒரு தெரு தள்ளிப் போய்விட்டது. வெள்ளைக்கார வங்கிகள் வரிசையாக நின்ற தெரு அது. தூண்களோடு அந்தக் கட்டடங்களில் பல இன்றும் நிற்கின்றன. அங்கிருந்து மார்க்கெட் தெருவில் திரும்பி உள்ளே நடந்தால் சில நிமிடங்களில் பினாங்குத் தெரு. நம் செட்டியார்கள் வங்கியில் கடன் வாங்கி, அதைச் சில்லறையாகப் பிரித்து வங்கி ஏறெடுத்துப் பார்க்காத கடைக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கொடுத்தார்கள். அந்தப் பணம் நடந்த வழி இந்தச் சில நிமிட வழிதான். இதை நடந்து பார்த்தால் புத்தகத்தில் அரை அத்தியாயம் படித்ததற்குச் சமம்.

கிட்டங்கி என்றால் மகளுக்குப் புரியாமல் போகலாம், சொல்லி அழைத்துப் போங்கள். நீளமான ஒரே கூடம். மேசை நாற்காலி கிடையாது. தரையில் பாய், சாய்ந்து எழுதச் சாய்வுப் பெட்டி, பக்கத்தில் பணப்பெட்டி. ஒரே கூடத்தில் பல விலாசங்கள் இடம் பிரித்து உட்கார்ந்திருக்கும். பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. சமையல் பின்கட்டில், எல்லாருக்கும் சேர்த்து. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊர் திரும்பலாம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பட்டாலையும் வளவும் பர்மா தேக்கும் என்று பெரிய வீடு கட்டியவர்கள், அந்தப் பணத்தைச் சம்பாதித்த இடத்தில் ஒரு பாய் அகலத்தில் வாழ்ந்தார்கள்.

தொண்டி மரைக்காயர்

வாத்தியாரின் வரிசையில் பள்ளிவாசல் ஒரு வரியில் போய்விட்டது. கொஞ்சம் நிறுத்திச் சொல்ல அனுமதியுங்கள்.

அது நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுப்பியவர் காதர் முகைதீன். அந்தச் சமூகத்துக்குத் தலைவராக ஆங்கிலேயர் நியமித்த 'கப்பித்தான்'. செட்டியார்கள் பெட்டி தூக்கிக்கொண்டு இறங்குவதற்கு முன்பே நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, தொண்டிக் கப்பல்கள் அந்தக் கடலில் போய்வந்துகொண்டிருந்தன. தமிழ் முஸ்லிம்களை அங்கே சூலியா என்பார்கள், சூலியா தெரு என்று பெயர் இருப்பதே எங்கள் ஆட்களால்தான். அந்தத் தெருவில் கிங் தெரு முனையருகே ஒரு சின்னத் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பெயரில் கட்டியது. கடல் தாண்டிப் போனவர்கள் நாகூரையே அங்கே நட்டு வைத்துவிட்டார்கள். பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை, சுற்றுலாப் பஸ் நிற்காது. சரியாகக் கவனிக்காவிட்டால் கடைகளுக்கு நடுவே தாண்டிப் போய்விடுவீர்கள்.

ஆச்சி எழுதச் சொன்ன தாளில் இதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் பார்க்க விடுவார்கள். பெண்களுக்கு மேலங்கி அங்கேயே தருவார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

மரைக்காயர் சொல்வது சரி. அந்தத் தர்காவுக்கு நாங்களும் விளக்குக்கு எண்ணெய் கொடுத்திருக்கிறோம். சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

கல்லல் கப்பலடி

எல்லாரும் அவரவர் பாட்டன் தெருவைக் காட்டுகிறீர்கள். நானும் என் பாட்டன் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டன் கிட்டங்கிக்குப் போனவர் இல்லை. தோட்டத்துக்கு ஆள் பிடித்தபோது போனவர், கப்பலின் மேல்தளத்தில் படுத்தபடி. அப்படிப் போனவர்களை ஜார்ஜ் டவுனில் நேராக இறக்கிவிடமாட்டார்கள். ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம் இருந்தது, அங்கே அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். பினாங்குப் பாலத்தில் போகும்போது பக்கத்திலேயே பச்சையாகத் தெரிவது அந்தத் தீவுதான். நான் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு பார்வை போகும்.

செட்டியார் பணம் நடந்த வழி என்று வாத்தியார் அழகாக எழுதினார். அந்தப் பணம் திரும்பி வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1930-ஐ ஒட்டி ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்தபோது கடன் கட்ட முடியாதவர்களின் நிலம் வட்டிக்கடைக்காரர் கைக்குப் போனது. மலாய் மாநிலங்களில் மலாய்க்காரர் நிலத்தைக் காக்கும் சட்டத்தை 1933-இல் இறுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே வயதான ஆட்களிடம் 'செட்டி' என்றால் இரண்டு விதமாகவும் பேச்சு வரும். போகிறவர் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இனி வழிக்கு வருகிறேன். கோலாலம்பூரில் இறங்கினால் அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில் இருக்கிறது, நாலு மணி நேரம் போல ஆகும். ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. 1894-இல் தொடங்கிய படகுப் போக்குவரத்து இன்றும் ஓடுகிறது. பழைய பெரிய படகுகளை நிறுத்திவிட்டார்கள், 2023-லிருந்து புதியவை. கால் மணி நேரத்துக்குள் அக்கரை. ஊரைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னாரே, அதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. காரில் பாலம் வழியாகப் போய் ஓட்டல் வாசலில் இறங்குகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இறங்கிய இடத்திலேயே பஸ் நிலையம். கேட் (CAT) என்று ஓர் இலவசப் பஸ் பழைய நகரத்தைச் சுற்றிக் கொம்தார் கோபுரம் வரை போய்வரும், டிக்கெட்டே கிடையாது. குளிர்சாதன வசதியும் உண்டு. முழங்கால் வலிக்கிற நேரத்தில் ஆத்தாவை ஏற்றி ஒரு முழுச் சுற்று உட்கார வையுங்கள். கூட்டமாக இருந்தால் அடுத்ததில் ஏறுங்கள். பினாங்கு மலைக்கு 204-ஆம் எண் பஸ்.

மிதிவண்டி மணி, காரைக்குடி

1894-ஆ? தைப்பூசத்துக்குப் போகும் வெள்ளி ரதமும் அந்த வருடம்தானே காரைக்குடியில் செய்து அனுப்பினார்கள்? படகும் ரதமும் ஒரே வயது.

பள்ளத்தூர் ஆச்சி

ஆமாம், அதே வருடம். இந்த ஒரு பதிலுக்காகச் சைக்கிளை மன்னித்துவிட்டேன்.

கல்லல் தம்பி எழுதியதற்கும் ஒரு வார்த்தை. வட்டிக்கு விட்டவர்கள் எல்லாரும் புண்ணியவான்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. என் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கேட்ட கதைகள் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணத்தில்தான் 1857-இல் தண்ணீர்மலை அடிவாரத்தில் முருகன் கோயில் கட்டினார்கள், அந்த ரதத்தை வைத்துத்தான் உங்கள் பாட்டனும் என் மாமனாரும் ஒரே தெருவில் நின்று தேங்காய் உடைத்தார்கள். இரண்டையும் சொல்லிக் கொடுங்கள் பிள்ளைகளுக்கு.

கல்லல் கப்பலடி

அதில் எனக்கு வழக்கு இல்லை ஆச்சி.

கானாடுகாத்தான் வழிகாட்டி

நான் பிழைப்புக்காக வெளிநாட்டார்களை நம் ஊர்த் தெருக்களில் அழைத்துப் போகிறவன். மாட்டுவண்டி, சைக்கிள், நடை எல்லாம் நம் ஊரிலும் உண்டு. அதனால் இந்தக் கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துப் பழக்கம்.

முகப்பைப் படம் எடுத்துவிட்டு மூன்று நிமிடத்தில் வண்டி ஏறுகிறவர்களைப் பற்றி இந்த ஊர்ப் பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருப்பார், அவரைத் தாண்டித் தூணைப் படம் எடுப்பார்கள். ஜார்ஜ் டவுனில் அதே தவறுக்கு இடம் கொடுப்பது வம்சத் துறைகள். கடலில் கால் ஊன்றி, பலகை நடைபாதையின் இருபுறமும் வீடுகள். சூ, லிம், டான், லீ, இயோ என்று ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு துறை. பெரியது சூ துறை, கூட்டமும் அங்கேதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்படி. வாசலில் வைத்திருக்கும் பூசை மாடம் காட்சிப்பொருள் இல்லை, காலையில் ஊதுபத்தி ஏற்றுவார்கள். பலகைமேல் தடதடவென்று ஓடினால் வீட்டுக்குள் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். இருட்டியபின் போகாதீர்கள். மகளுக்குப் படம் வேண்டுமென்றால் கடல் பக்கம் திரும்பி எடுக்கச் சொல்லுங்கள், கடைசிப் பலகையிலிருந்து நல்ல படம் கிடைக்கும்.

இன்னொன்று. பழைய நகரத்தில் நிறைய வீடுகள் ஓட்டலும் காப்பிக் கடையுமாக இருப்பதைப் பார்த்து, பாரம்பரியப் பட்டம் கிடைத்ததால் வந்த வளர்ச்சி என்பார்கள். கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. போருக்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தையற்காரர், தச்சர், ஊதுபத்தி செய்கிறவர் என்று சொற்ப வாடகையில் குடியிருந்தார்கள். அந்தச் சட்டம் நீங்கி 2000 பிறந்ததும் வாடகை ஏறியது, ஆட்கள் வெளியேறினார்கள். காலியான வீடுகளில் சிலர் குருவிக்கூட்டை விற்பதற்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். பிறகு பாரம்பரியப் பகுதியில் அதற்கும் தடை வந்தது. செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014-லிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. பட்டம் வந்தால் இங்கே என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு, ஜார்ஜ் டவுன் தெருவில் எந்த வீட்டில் இன்னும் ஆள் குடியிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

ஆகவே என் ஆலோசனை: முதல் நாள் காலை மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்துங்கள், உரிமம் உள்ளவராகப் பார்த்து. தமிழ் பேசுகிறவர் கிடைப்பார். மற்ற நாள் உங்கள் இஷ்டம்.

கோட்டையூர்க்காரன்

(அப்பச்சியின் கணக்கிலிருந்து மகள் எழுதுகிறேன்.) எல்லாப் பெரியவர்களுக்கும் வணக்கம். கோயில், கிட்டங்கி, தர்கா, தேவாலயம் எல்லாம் சரி. சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே? நான் அசைவம், அப்பத்தா சுத்த சைவம். நான் காலையில் தனியாகக் கொஞ்சம் சுற்றலாமா?

தொண்டி மரைக்காயர்

சுற்றலாம் மகளே. பகலில் கூட்டம் உள்ள தெருக்கள்தான். பையைச் சாலைப்பக்கத் தோளில் மாட்டாமல் சுவர்ப்பக்கத் தோளில் மாட்டிக்கொள்.

சாப்பாடு: நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி கட்டிச் சோறும் கறியும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றது. இப்போது கடைக்குக் கடை. சோற்றின்மேல் நாலு வகைக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் ஊருக்குப் புதுசு என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

அப்பத்தாவுக்குக் குட்டி இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், கவலை இல்லை. சீனக் கடையில் காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் கூனிக் கருவாட்டு விழுது கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். சீனர்களிலும் சுத்த சைவக் கடைகள் தனியாக உண்டு, அங்கே தைரியமாகச் சாப்பிடலாம்.

இளசுகளுக்கு ஒன்று: பினாங்குத் தெருவில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றுபார் அம்மா. பூக்காரர் மல்லிகையைக் கட்டி, வாளி வாளியாக வாசலில் தொங்கவிடுவார். எதிரே பாத்திரக் கடைக்காரர் கதவைத் தூக்கும் சத்தம். சீனத்து ஆயா ஒருத்தி வந்து பேரம் பேசாமல் மாலை வாங்கிக்கொண்டு போவாள், கருணைத் தேவிக்கு. பத்து மணிக்குப் போனால் இவை எதுவும் தெரியாது, பாட்டுக் கடை ஒலிபெருக்கிதான் கேட்கும்.

மிதிவண்டி மணி, காரைக்குடி

மகளுக்குச் சைக்கிள் சரிப்படும் என்று சொல்ல இப்போதாவது அனுமதி உண்டா ஆச்சி? ஒருவழித் தெருக்கள் நிறைய, அதை மட்டும் பார்த்துப் போகச் சொல்லுங்கள். ஆர்மேனியன் தெருவிலேயே 120-ஆம் எண் வீடு இருக்கிறது. சீனப் புரட்சிக்கு முன் சன் யாட்சென் தங்கி வேலை செய்த இடம், 1910-இல். படம் எடுக்க வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கோட்டையூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசியபின் இப்படிப் போட்டிருக்கிறோம், குறை இருந்தால் சொல்லுங்கள்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ரயில், படகு. விசா விலக்கு இப்போது இருப்பதால் இணையத்தில் வருகை அட்டையை மட்டும் கடைசி மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். முதல் காலை வழிகாட்டியோடு கோட்டையிலிருந்து பிட் தெரு நடை. ஆத்தா தேவாலயம் வரை நடந்துவிட்டு, பிறகு ரிக்‌ஷாவில் எங்களோடு வருவார். மறுநாள் விடியலில் பினாங்குத் தெரு, கோயில் வீடு, நாகூர் தர்கா. மகள் சைக்கிளில் தனியாக. மதியம் எல்லாரும் இலவசப் பஸ்ஸில். சூ துறைக்கு ஆத்தாவைக் கூட்டிப்போக வேண்டுமா என்பதில் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலை ரதம் கோயில் வீட்டிலிருந்து புறப்படும்போது நின்று பார்த்துவிட்டு, பிறகு தண்ணீர்மலை.

கல்லல் கப்பலடி

நல்ல வரிசை. ரதம் போகும் சாலைகளில் அன்று வண்டி ஓடாது, பஸ் வழித்தடமும் மாறும். ஆகவே தங்கும் விடுதியைப் பழைய நகரத்துக்குள்ளேயே எடுங்கள். அந்த வாரத்துக்கு அறை சீக்கிரம் தீர்ந்துவிடும். சூ துறையில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, ஆத்தாவுக்கு வேண்டாம். படகிலிருந்தே துறைகள் தெரியும், காட்டிவிடுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்

பினாங்கு மலை விட்டுப்போயிற்றே. கம்பிவட ரயில் 1923-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது, 2011-இல் புதிய பெட்டிகள் மாற்றினார்கள். உச்சி 833 மீட்டர். நகரம், நீர்ப்பரப்பு, பாலம், எதிர்க்கரை எல்லாம் ஒரே பார்வையில் விழும். நடந்து பார்த்த தெருக்களை அங்கிருந்து விரலால் தேடுவது தனிச் சுகம். வானம் தெளிந்திருக்கும் காலையில் போங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, ரதத்தைப் புறப்படும்போது பார்ப்பது நல்லதுதான். வழியெல்லாம் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள், சீனர்களும் உடைப்பார்கள். ஓடு தெறிக்கும், ஆத்தாவை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். செருப்புக்குப் பதில் பின்பக்கம் மூடிய காலணி போட்டுவிடுங்கள், சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் வழுக்கும். தண்ணீர்மலையில் மேலே உள்ள கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி. ஆத்தாவுக்கு அடிவாரத்துச் செட்டியார் கோயிலே போதும், அதுதான் நம் கோயில். அவகாசம் இருந்தால் பூசத்துக்கு மறுநாள் மாலை ரதம் திரும்பும்போதும் பாருங்கள். மாட்டுக்கும் களைப்பு, ஆளுக்கும் களைப்பு, மெதுவாக வரும். நின்று சாமியைக் கண்ணாரப் பார்க்கலாம்.

கோட்டையூர்க்காரன்

அப்படியே செய்கிறோம் ஆச்சி. கடைசியாக ஒன்று: ரிக்‌ஷாவில் இரண்டு பேர் உட்காரலாமா? ஆத்தாவோடு நானும் ஏறிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி

இரண்டு பேருக்கான இருக்கைதான். ஆனால் கோட்டையூரில் உங்களை ஒரு கல்யாணத்தில் பார்த்த ஞாபகம். ஆத்தாவோடு மகளை ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் நடந்து வாருங்கள்.